அப்டேட் போட்ட மறுநாள் பச்சைக் கோடு: ரூ.13,800 கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் காரைக்குடி பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. இரண்டேகால் வருடத்துக்கு முன்னால் 24 மாதத் தவணையில் ரூ.34,000-க்கு ஒரு போன் வாங்கினேன். கடைசித் தவணை கட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி புது ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தது. சார்ஜில் போட்டு, அப்டேட்டை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. போன் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை, தண்ணீரும் பட்டதில்லை. சர்வீஸ் சென்டரில் "வாரண்டி முடிஞ்சிருச்சு, டிஸ்ப்ளே மாத்த ரூ.13,800" என்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர் ரூ.4,500-க்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். "இனிமே எந்த அப்டேட்டும் போடாதம்மா" என்கிறான் என் மகன். அப்டேட்தான் போனைக் கெடுத்ததா? புதுப் போன் வாங்க வைக்கத்தான் இப்படிச் செய்கிறார்களா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்:

டீச்சர், வணக்கம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன் இன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பேக்கப்.

பச்சைக் கோடு ஒன்றோடு நின்றுவிடும் என்று நம்ப முடியாது. சில போன்கள் அந்த ஒற்றைக் கோட்டோடு மாதக்கணக்கில் ஓடும். சிலவற்றில் ஒரே வாரத்தில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கோடு சேரும், பிறகு பாதித் திரை வெளுக்கும், ஒருநாள் மொத்தமும் இருட்டாகிவிடும். திரை போன பிறகு, வேறு திரை மாட்டாமல் பின் நம்பர் போடுவது கஷ்டம். பின் நம்பர் இல்லாமல் இன்றைய போன்களுக்குள் இருப்பதை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம், பழுது பார்க்கும் எங்களுக்கும்தான். என் மேஜைக்கு வருகிறவர்களில் பலர் "போன் போனாப் போகட்டும், போட்டோவை மட்டும் எடுத்துக் குடுங்க" என்று நிற்பார்கள். அப்போது பல நேரம் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. எனவே போட்டோ, வீடியோக்களைக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ ஏற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பேக்கப் கொடுங்கள். நம்பர்களெல்லாம் கூகுள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று இன்னொரு போனில் திறந்து பாருங்கள். 'ஏறியிருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

அது முடிந்ததும் உங்கள் கையாலேயே ஒரு சோதனை. கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மகனின் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படத்தில் கோடு இருக்காது. ஸ்கிரீன்ஷாட் என்பது மென்பொருள் வரைந்த படம். மென்பொருள் சரியாகத்தான் வரைந்திருக்கிறது, அதைக் காட்ட வேண்டிய கண்ணாடிதான் தவறாகக் காட்டுகிறது. போனை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு முழுதாக எழுவதற்கு முன், கம்பெனி லோகோ வரும் நேரத்திலேயே கோடு நிற்கும். இதையும் மகனின் போனில் வீடியோவாக எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒருவேளை ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு வந்தால் நல்ல செய்தி: அது வெறும் மென்பொருள் கோளாறு, சரிசெய்துவிடலாம். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த வாய்ப்பு குறைவு.

அப்படியென்றால் அப்டேட் குற்றவாளி இல்லையா? நேரடியாக இல்லை. ஆனால் சம்பந்தமே இல்லை என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

உங்களுடையது அமோலெட் திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை. அதைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், கீழ் விளிம்பில் வளையக்கூடிய மெல்லிய தகடு ஒன்று பின்பக்கமாக மடிந்து ஒட்டியிருக்கும். போனின் கீழ் ஓரம் அவ்வளவு ஒல்லியாகத் தெரிவதற்காகச் செய்த மடிப்பு அது. மடிப்புக்கு அந்தப் பக்கம் தீக்குச்சியை நறுக்கி வைத்ததுபோல நீளமாக ஒரு கறுப்பு ஐசி, அதாவது சிப். திரையின் ஒவ்வொரு வரிசைக்கும் 'நீ இவ்வளவு எரி' என்று கட்டளை போடுவது அதுதான். அதிலிருந்து திரைக்குள் போகும் தடங்கள் ஆயிரத்துக்கு மேல், ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. அந்த ஐசியை ஈயம் வைத்துப் பற்றவைப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் கலந்த ஒருவகைப் பசை நாடாவை வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டிலோ மடிப்பிலோ ஒரே ஒரு தடம் விட்டுப்போனால் மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை முழுக்கக் கட்டளை இல்லாமல் நின்றுவிடும். கோடு எப்போதும் நெட்டுக்குத்தாக, நூல் பிடித்ததுபோல நிற்பது அதனால்தான். இந்த வகைத் திரைகள் பெரும்பாலானவற்றில் பச்சைப் புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும்விட இரண்டு மடங்கு. கோடு பெரும்பாலும் பச்சையாகவே கண்ணில் படுவதில் அதற்கும் பங்கு உண்டு. இளஞ்சிவப்பு, வெள்ளைக் கோடுகளும் வருவதுண்டு.

இந்த ஒட்டுக்கு இரண்டு எதிரிகள்: சூடு, ஈரக்காற்று. நான் ஊகித்துச் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையில் இந்தியாவில் அதிகம் அடிபட்ட ஒன்பிளஸ் நிறுவனம், சூடும் ஈரமும் ஓரம் வழியாகத் திரைக்குள் இறங்குவதுதான் சிக்கல் என்று 2024 டிசம்பரில் தானே சொன்னது. விளிம்பு ஒட்டைப் பலப்படுத்திவிட்டதாகவும், 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பதாகவும் அறிவித்தது. நம்மூர் மே மாதத்தில் பைக் டேங்க் கவரில் போனைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இந்தச் சோதனையைத் தினமும் இலவசமாகச் செய்கிறோம்.

இப்போது உங்கள் அப்டேட் ராத்திரிக்கு வருவோம். பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் என்றால் சில ஜிபி இறங்கி, விரிந்து, எழுதப்பட வேண்டும். ரீஸ்டார்ட் ஆன பிறகும் வேலை ஓயாது. இருக்கிற ஆப்களையெல்லாம் புதுப் பதிப்புக்கு ஏற்ற மாதிரி மறுபடி தயார் செய்யும், ஆயிரக்கணக்கான போட்டோக்களை மறுபடி அலசும். பிராசசர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். கூடவே சார்ஜரின் சூடு, பின்னால் ரப்பர் கவர், அடியில் மெத்தை. ஏற்கனவே பாதி விட்டுப்போயிருந்த ஒட்டு அன்றைக்கு முழுதாக விட்டுவிட்டது. அப்டேட் வராவிட்டாலும் அடுத்த கோடையிலோ, மகன் கேம் விளையாடிய ஒரு மத்தியானத்திலோ அது விட்டிருக்கும். அதே அப்டேட்டை அதே வாரம் போட்ட மற்றவர்களின் போன் நன்றாக இருப்பதும் இதனால்தான். குறை உங்கள் போன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே கூட வந்தது. அப்டேட் அதை வெளியே காட்டியது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரூ.13,800 யார் தலையில் விழ வேண்டும் என்பது இதைப் பொறுத்துத்தான்.

புதுப் போன் விற்கத்தான் செய்கிறார்களா என்று கேட்டீர்கள். இந்தச் சந்தேகத்தைக் கம்பெனிக்காரர்களே வளர்த்துவிட்டார்கள். ஆப்பிள் கதை தெரிந்திருக்கும். ஐபோன் 6 வரிசையில் பேட்டரி பழசானதும் போன் திடீர் திடீரென்று அணைந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது நியாயமான வைத்தியம்தான், அணைந்துபோவதைவிட மெதுவாக ஓடுவது மேல். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. 'போன் பழசாயிடுச்சு' என்று ஜனங்கள் புதுசு வாங்கப் போனார்கள். புது பேட்டரி ஒன்று போட்டிருந்தாலே போதும். விஷயம் டிசம்பரில் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கினார்கள். பிறகு 2020-ல் அங்கே 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு அதைவிட நெருக்கமான கதை இத்தாலியில் நடந்தது. 2018 அக்டோபரில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. சாம்சங் மீதான குற்றச்சாட்டைப் படித்தால் உங்கள் கடிதத்தைப் படிப்பதுபோல இருக்கும். 2014-ல் வந்த கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களை, நோட் 7-க்காகத் தயாரான ஆண்ட்ராய்டு அப்டேட்டைப் போடச் சொல்லி விடாமல் வற்புறுத்தினார்கள். பழைய வன்பொருளுக்கு அது பாரம் என்பதைச் சொல்லவில்லை. அதனால் பழுதானவர்களிடம் 'வாரண்டி முடிந்தது' என்று பெரிய தொகை கேட்டார்கள்.

ஆனாலும் 'வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்' என்பதை நான் நம்புவதில்லை. என் அனுபவத்தில் அது சதியைவிட அவசரமும் அலட்சியமும்தான். ஒரு ஆண்ட்ராய்டு பதிப்பு உங்கள் கைக்கு வரும் பாதையை யோசித்துப் பாருங்கள். கூகுள் அடிப்படையைத் தருகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனி அதற்குத் தன் டிரைவர்களை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளைத் தர வேண்டும். போன் கம்பெனி அதன்மேல் தன் தோற்றத்தைப் போர்த்தி, தன் கேமரா, தன் சார்ஜிங், தன் விளம்பரங்களை எல்லாம் ஏற்ற வேண்டும். இதை ஒரு மாடலுக்குச் செய்தால் போதாது. ஒரே வருடத்தில் டஜன் கணக்கில் மாடல் இறக்குகிறவர்கள், போன வருடத்து மாடலுக்கும் அதற்கு முந்தினதுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். கூகுள் 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ஓடு 'டிரெபிள்' என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்து, சிப் பக்கத்து மென்பொருளையும் ஆண்ட்ராய்டையும் தனித்தனியாகப் பிரித்தது. அதற்குப் பிறகு வேகம் கூடியது உண்மை. புது மாடலை விற்றால் பணம் வரும், பழைய மாடலுக்கு அப்டேட் சோதித்தால் செலவுதான் வரும் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்த அலட்சியத்தின் விளைவுகள் கண்முன்னே இருக்கின்றன. 2021 தொடக்கத்தில் ஷாவ்மியின் மி ஏ3 போன்களுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தது. போட்டவர்களின் போன் செங்கல்போலக் கிடந்தது, ஆன் ஆகவே இல்லை. 2024 அக்டோபரில் சாம்சங்கின் எஸ்10, நோட் 10 வரிசைப் போன்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. அதற்குக் காரணம் ஆண்ட்ராய்டு அப்டேட்கூட இல்லை, வீட்டுச் சாதனங்களைப் போனிலிருந்து இயக்கும் சாம்சங்கின் ஸ்மார்ட்திங்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு பின்னணி ஆப்பின் அப்டேட். 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்ஸல் 4ஏ போன்களின் பேட்டரி ஆபத்தைத் தவிர்க்க ஓர் அப்டேட்டை அனுப்பியது, பல போன்களில் சார்ஜ் நிற்கும் நேரமே சுருங்கிப்போனது. அதே மாதம் இங்கே, ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் சரியாக ஓடவில்லை என்ற புகார்களின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இதில் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். இப்போதைக்கு ரூ.13,800 கட்டாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் போனைப் பிரிக்கவும் விடாதீர்கள். ஒருமுறை வெளியே பிரித்துவிட்டால், 'வெளியாட்கள் கை வைத்த போன்' என்ற ஒரே வரியில் கம்பெனி கைகழுவிவிடும்.

உங்கள் கையில் இருக்கும் பலமான வாதம் இது. போனை விற்கும்போது அந்த நிறுவனம் மூன்று, நான்கு வருடம் அப்டேட் தருவோம் என்று விளம்பரம் செய்தது. உங்கள் மாடலின் பக்கத்தில் இன்னும் அது இருந்தால் படம் பிடித்து வையுங்கள். நான்கு வருடம் அப்டேட் வரும் என்றால் அந்தப் போன் நான்கு வருடம் உழைக்கும் என்று நம்பித்தான் ஒருவர் ரூ.34,000 கொடுக்கிறார். அவர்களே அனுப்பிய அப்டேட்டை, அவர்கள் சொன்னபடியே போட்டு, அதைத் தாங்க முடியாமல் திரை போனால், 'திரைக்கு ஒரு வருடம்தான்' என்பது எப்படிச் சரியாகும்? அப்டேட்டுக்கு ஒரு காலக்கெடு, அதைத் தாங்க வேண்டிய திரைக்கு வேறொரு காலக்கெடு என்று வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஏமாற்று என்பேன்.

வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனிகள் இறங்கிவந்திருக்கின்றன. செத்துப்போன அந்த மி ஏ3 போன்களை வாரண்டி இருக்கிறதா என்று பார்க்காமல் இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஷாவ்மி இந்தியாவில் அறிவித்தது. பச்சைக் கோட்டுக்கென்றே ஒன்பிளஸ் முதலில் 8, 9 வரிசையில் சில மாடல்களுக்கும், 2024 டிசம்பரில் தன் அமோலெட் போன்கள் எல்லாவற்றுக்கும் இந்தியாவில் வாழ்நாள் உத்தரவாதம் சொன்னது. சாம்சங்கும் 2024-ல் எஸ்20, நோட் 20 உள்ளிட்ட சில வரிசைகளுக்கு, குறிப்பிட்ட தேதிவரை, ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. உங்கள் போன் எந்தக் கம்பெனி என்று எழுதியிருந்தீர்கள், அதை இங்கே போடவில்லை. அவர்களிடமும் இப்படி ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கலாம். கவுன்டரில் இருக்கும் பையன் தானாகச் சொல்ல மாட்டான். சில நேரம் அவனுக்கே தெரிந்திருக்காது.

எனவே முதலில் சர்வீஸ் சென்டரில் போனை முறைப்படி காட்டி, அதன் நிலையை எழுதித் தரும் ஜாப் ஷீட் என்ற தாளை வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'வாரண்டி இல்லை' என்று சொல்லி அனுப்பினால் அது எங்கும் செல்லாது. அந்தத் தாளில் இரண்டு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: திரையில் உடைசல், கீறல் இல்லை, தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை. போனுக்குள் தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லி, வெள்ளையாக இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல தகராறு அங்கேதான் முடிகிறது.

பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். இணையதளத்தில் அடியில் எங்காவது பொடி எழுத்தில் முகவரி இருக்கும். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், சாரம் இப்படி இருந்தால் போதும்: "இந்தத் தேதியில் வாங்கிய, இந்த ஐஎம்இஐ எண் கொண்ட போனில், நீங்கள் அனுப்பிய இந்தப் பதிப்பு அப்டேட்டை இந்தத் தேதியில் போட்டேன். மறுநாள் காலை திரையில் நெட்டுக்கோடு தோன்றியது. ஸ்கிரீன்ஷாட்டில் கோடு வரவில்லை, லோகோ திரையில் வருகிறது, ஆகவே இது திரையின் உற்பத்திக் குறை. அடிபட்டதோ தண்ணீர் பட்டதோ இல்லை என்று உங்கள் ஜாப் ஷீட்டே சொல்கிறது. 15 நாளில் கட்டணமின்றித் திரையை மாற்றித் தரவும்." பில், ஜாப் ஷீட், வீடியோவை இணையுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். 'அப்டேட் என் போனைக் கெடுத்துவிட்டது' என்று மட்டும் எழுதினால், 'அந்த அப்டேட்டில் பிழை எதுவும் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'உற்பத்திக் குறை' என்று எழுதினால் அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது.

முழுப் பணத்துக்கும் ஒத்துக்கொள்ளாமல், பாதி விலையில் மாற்றித் தருகிறோம் என்றோ, பழைய போனை எடுத்துக்கொண்டு கூப்பன் தருகிறோம் என்றோ பேச வருவார்கள். பாதி விலை என்றால் யோசிக்கலாம், ஒரிஜினல் திரையும் அதற்கு உண்டான வாரண்டியும் சேர்ந்து கிடைக்கும். கூப்பன் என்றால் வேண்டாம் என்பேன். மறுபடி அவர்களிடமே பணம் கட்டவைக்கும் வழி அது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல போன் கம்பெனிகள் அங்கிருந்து புகார் போனதும் பேசத் தொடங்கிவிடுகின்றன. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 வருடம்தான் அவகாசம். போன் வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். கோடு தோன்றிய நாளைத் தேதியோடு பதிவு செய்து வைக்கச் சொல்வது அதற்காகத்தான். சட்ட நுணுக்கத்துக்கு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவன்.

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் சொன்ன அந்த ரூ.4,500 காம்போவை (கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த திரை) பற்றி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் அமோலெட் ஆக இருக்காது, பின்னால் விளக்கு வைத்து ஒளிரவைக்கும் எல்சிடி வகைக் காப்பி. கொஞ்சம் தடிமனாக இருக்கும், ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெயிலில் படிக்க முடியாது. திரைக்குள் விரல் வைத்துத் திறக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால் அது வேலை செய்யாது. ஓஎல்இடி (அமோலெட் இதில் ஒரு வகை) காப்பி என்று நடுத்தரம் ஒன்று உண்டு, விலை இன்னும் கொஞ்சம் கூட. சென்னை ரிட்சி தெரு மாதிரி இடங்களில் லேசர் மெஷின், தடங்களை மறுபடி ஒட்டும் பாண்டிங் மெஷின் வைத்துக் கோட்டை மட்டும் எடுத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் செய்தால் கோடு போகும். எத்தனை நாளைக்கு என்று அவர்களே எழுதித் தர மாட்டார்கள். கம்பெனி, ஆணையம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி வழியில்லை என்னும்போது இவற்றை யோசிக்கலாம்.

மகன் சொன்னதில் பாதிதான் சரி. அப்டேட்டில் இரண்டு வகை உண்டு. சில நூறு எம்பி அளவில் வரும் பாதுகாப்பு பேட்ச் ஒன்று. சில ஜிபி அளவில் வந்து போனின் முகத்தையே மாற்றும் ஆண்ட்ராய்டு பதிப்பு இன்னொன்று. முதலாவதை நிறுத்தக் கூடாது. 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளியானது. வீடியோ மெசேஜ் ஒன்று வந்து சேர்ந்தாலே, திறக்காமலேயே போனை வசப்படுத்திவிட முடியும் என்று காட்டினார்கள். மாதாமாதம் பேட்ச் விடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது அந்த ஆகஸ்டில்தான். சம்பளக் கணக்கும் யுபிஐயும் இருக்கிற போனில் பேட்ச் போடாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது வகைக்கு அவசரமே தேவையில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். கம்பெனிகளே முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு விடுகின்றன, அந்த முதல் வரிசையில் நிற்க நமக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. போட்ட பிறகு பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்பவும் பெரும்பாலான போன்களில் விடமாட்டார்கள். போடும் நாளில் முதலில் பேக்கப். பிறகு பகலில், 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சார்ஜரைக் கழற்றி, கவரையும் கழற்றி, மேஜைமேல் ஃபேனுக்கு அடியில் வைத்துப் போடுங்கள். அன்று முழுக்கக் கேம், வீடியோ கால் வேண்டாம். ராத்திரி சார்ஜில் போட்டுத் தூங்கியது உங்கள் தப்பில்லை டீச்சர். 'இரவில் தானாகப் போட்டுக்கொள்ளவா' என்று அந்தப் போனே கேட்கிறது, யாராக இருந்தாலும் சரி என்றுதான் அழுத்துவார்கள்.

அடுத்த போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023-ல் பிக்ஸல் 8, 2024-ல் கேலக்ஸி எஸ்24 தொடங்கி 7 வருட அப்டேட் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும், உதிரிபாகமும் 7 வருடம் கிடைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே, ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீடு கொண்டுவருவது பற்றி நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது, அந்த அளவில்தான் நிற்கிறோம். எனவே கடையில் கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதோடு, கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் ஒரிஜினல் டிஸ்ப்ளே விலையையும் பார்த்துவிடுங்கள். போன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், அந்தப் போனை வாங்கும்போதே திரைக்குத் தனி வாரண்டி எடுப்பது லாபம். பச்சைக் கோட்டுக்குப் பயந்தால் எல்சிடி திரை வைத்த போன்கள் இன்னும் குறைந்த விலையில் இருக்கின்றன. படம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஆனால் இந்தக் கோடு வரும் வாய்ப்பு குறைவு.

மெயில் அனுப்பிவிட்டு, கம்பெனி என்ன பதில் போட்டாலும் அப்படியே எனக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் முதல் பதில் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி ஒன்றும் சொல்லாமல் முடியும். அதற்கு என்ன மறுபதில் போடுவது என்று அப்போது பார்ப்போம்.